பேடாவுக்கு ‘பேட’ சொல்லும் வழி

திங்கட்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு பெங்களூரு அவுட்டர் ரிங் ரோட்டில் ஏதாவது ஒரு ஐ.டி. அலுவலகத்தின் பேன்ட்ரிக்குள் நுழைந்து பாருங்கள். தமிழ்நாட்டு வரைபடத்தை மேசைமேல் விரித்து வைத்தது போலிருக்கும். ஞாயிறு ராத்திரி ஊரில் பஸ் ஏறியவர்கள் விடிகாலையில் சில்க் போர்டிலும் மடிவாளாவிலும் இறங்கி, குளித்தும் குளிக்காமலும் வந்து டப்பாக்களை இறக்கியிருப்பார்கள். திருநெல்வேலி அல்வா, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, கோவில்பட்டி கடலைமிட்டாய், தூத்துக்குடி மக்ரூன். பக்கத்திலேயே ஹூப்ளிக்காரர் வைத்த தார்வாட் பேடா. பால்கோவா, கடலைமிட்டாய், பேடா மூன்றும் புவிசார் குறியீடு வாங்கியவை. அரசாங்கமே சான்றிதழ் கொடுத்து அனுப்பிய எதிரி. இதை மன உறுதியை மட்டும் நம்பி எதிர்ப்பவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். மன உறுதி காலையில் நன்றாகத்தான் இருக்கும். நாலு மணிக்குத்தான் காபி மெஷின் பக்கம் போய்க் காணாமல் போகும்.

முதலில் மொழிச் சிக்கல். கன்னடத்தில் ‘பேட’ என்றால் வேண்டாம். பேடாவை நீட்டுகிறவரிடம் ‘பேட’ என்று சொன்னால், கடைசி எழுத்து லேசாக நீண்டால்கூட, ஆசையாகக் கேட்பதாக நினைத்து இரண்டு வைப்பார். சரி, ‘சாக்கு’ என்று சொல்லலாம். கன்னடத்தில் அதற்குப் போதும் என்று அர்த்தம். ஆனால் பக்கத்தில் நிற்கும் மதுரைக்காரர் காதில் அது சாக்கு என்றே விழும். “என்ன சாக்கு? எங்கம்மா செஞ்சு கொடுத்தது, எடுங்க ப்ரோ!”

மற்ற சாக்குகளும் அப்படித்தான். “எனக்கு சுகர்” என்று பொய் சொன்னால் அங்கேயே மருத்துவ முகாம் ஆரம்பித்துவிடும். ஒருவர் வெந்தயத் தண்ணீர் என்பார், ஒருவர் பாகற்காய் ஜூஸ் என்பார், மூன்றாமவர் மூன்று மாதச் சராசரி எவ்வளவு என்று கேட்பார். “டயட்ல இருக்கேன்” என்றால் இன்னும் மோசம். அன்றிலிருந்து உங்கள் டிபன் பாக்ஸை ஆறு பேர் எட்டிப் பார்ப்பார்கள். விரதம் என்று சொன்னால், “விரதத்துக்குப் பால் ஸ்வீட் ஆகும்ல?” என்று பால்கோவாவே வரும். உள்ளதில் உருப்படியானது ஒன்றுதான். “இப்பத்தான் சாப்பிட்டேன், அப்புறமா எடுத்துக்கறேன்ணா” என்று சொல்லிக்கொண்டே நடையைக் கட்டுவது. நின்றால் போச்சு. விளக்கம் கொடுத்தால் அதற்கு எதிர்விளக்கம் வரும்.

“வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன், பிள்ளைக்கு” என்பது மரியாதையான உத்திதான். ஆனால் அந்தப் பேடா பையின் மேல்பக்கம் இருந்தால் சில்க் போர்டு சிக்னலைத் தாண்டாது. முக்கால் மணி நேரம் வண்டி நகராத இடத்தில் மனிதன் வேறென்ன செய்வான்? லேப்டாப்புக்கு அடியில், சார்ஜருக்கும் கீழே வைத்தால் கொஞ்சம் வாய்ப்புண்டு. ஸ்கூட்டர் டிக்கியில் போட்டால் வீடு சேரும், பேடாவாக இல்லை, மாவாக. கீழே செக்யூரிட்டி அண்ணனுக்குக் கொடுத்துவிடலாம் என்று நினைப்பவர்களும் உண்டு. அவர் மேசையில் ஏற்கெனவே ஆறு மாடியிலிருந்தும் வந்து சேர்ந்திருக்கும். அவருக்கும் சுகர் இருக்கலாம் என்று யாரும் யோசிப்பதில்லை.

இனி பாதித் துண்டு விவகாரம். அலுவலக இனிப்பில் ஆள் ஏமாறுவது இங்கேதான் அதிகம், அதனால் கொஞ்சம் கணக்கோடு பார்க்கலாம்.

மைசூர்பாகை எடுத்துக்கொள்வோம். மைசூர் அரண்மனைச் சமையற்கட்டில் பிறந்ததாகச் சொல்வார்கள், அந்தத் தோரணை இன்னும் போகவில்லை. வீட்டுக் கணக்கு: 1 கப் கடலை மாவுக்கு 2 கப் சர்க்கரை, 2 கப் நெய். எடையில் பார்த்தால் மாவு சுமார் 100 கிராம், சர்க்கரையும் நெய்யும் தலா 400 கிராம். ஆக, 40 கிராம் துண்டு ஒன்றில் சர்க்கரை மட்டும் 17, 18 கிராம். ஒரு டீஸ்பூன் 4 கிராம் என்று வைத்தால் நாலரை ஸ்பூன். நெய்யும் அதே அளவு. மொத்தம் சுமார் 250 கலோரி. கடலை மாவு இதில் பெயருக்குத்தான் இருக்கிறது, சங்கத்துக்குக் கௌரவத் தலைவர் மாதிரி.

“பாதி போதும்” என்று பிளாஸ்டிக் கத்தியால் வெட்டி எடுப்பீர்கள். மீதிப் பாதி டப்பாவில் அனாதையாகக் கிடக்கும். அடுத்து வருபவர் அதில் பாதி, அதற்கடுத்தவர் அதிலும் பாதி. சாயங்காலம் ஆறு மணிக்கு டப்பாவின் மூலையில் கடுகளவுத் துண்டு ஒன்று இருக்கும். அதை எடுத்தால் டப்பாவைக் கழுவ வேண்டியது நீங்கள் என்பதால் யாரும் தொட மாட்டார்கள். கணிதத்துக்கு இது அழகாக இருக்கலாம். இடுப்புக்கு இல்லை. ஏனென்றால் பாதி எடுத்தவர் ஒரு தடவையோடு நிற்பதில்லை. பதினொரு மணிக் காபிக்குப் பாதி, சாப்பாட்டுக்குப் பிறகு பாதி, மூன்றரைக்குப் பாதி, போகும்போது வழியனுப்பப் பாதி. நாலு பாதி இரண்டு முழுசு. ஒன்பது ஸ்பூன் சர்க்கரை. கேட்டால், “இன்னிக்கு நான் ஒரு துண்டுகூட முழுசா சாப்பிடலை” என்று சொல்வார். பொய்யும் இல்லை.

அதனால் சாப்பிடுவதென்றால் ஒரு முழுத் துண்டு, ஒரே தடவை, தட்டில் வைத்து, உட்கார்ந்து. மதியச் சாப்பாட்டின் முடிவில் சாப்பிடுவது நல்லது. பருப்பும் காயும் தயிரும் உள்ளே போன பிறகு வரும் சர்க்கரை, காலை வெறும் வயிற்றில் போவதைவிட மெதுவாக ரத்தத்தில் ஏறும். பிறகு பத்து, பதினைந்து நிமிடம் கேம்பஸைச் சுற்றி நடந்தால் கால் தசை அதில் ஒரு பங்கை இழுத்துக்கொள்ளும். லிஃப்ட் வரிசையில் நிற்கும் நேரத்துக்குப் படியிலேயே இறங்கிவிடலாம் என்பது இதில் கிடைக்கும் உபரி லாபம்.

டப்பா இருக்கும் இடம் இன்னும் முக்கியம். காபி மெஷினுக்குப் பக்கத்தில் திறந்த டப்பா இருந்தால் ஒவ்வொரு காபியும் ஒரு துண்டைக் கூட்டிக்கொண்டுதான் வரும். மூடியைப் போட்டு, பிரின்டர் இருக்கும் மூலைக்கு நகர்த்திப் பாருங்கள். கண்ணாடி டப்பாவைவிட எவர்சில்வர் டப்பா நல்லது, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. அல்வாவுக்குத் தனி வைத்தியம், ஃபிரிட்ஜ். நெய் உறைந்து கல்லாகிவிடும். சாப்பிட வேண்டுமானால் மைக்ரோவேவில் 15 விநாடி வைக்க வேண்டும், வரிசையில் சாதத்தோடு நிற்கும் நாலு பேர் முன்னால். அந்தக் கூச்சம் போதும், பாதிப் பேர் திரும்பிவிடுவார்கள்.

இவ்வளவும் கண்ணுக்குத் தெரிகிற சர்க்கரை. தெரியாதது காபியில் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டலில், சேர்க்கும் சர்க்கரை மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் இன்னும் நல்லது என்கிறது. 2000 கலோரிக்காரருக்கு அந்த 5 சதவீதம் 25 கிராம், ஆறு ஸ்பூன். இரண்டு ஸ்பூன் போட்ட காபி மூன்று குடித்தால் கோட்டா காலி. பேடா அதற்கு மேல் ஓவர்டைம். தேன், வெல்லம், கருப்பட்டி எதற்கும் சலுகை கிடையாது. வெல்லத்திலும் பெரும்பகுதி அதே சுக்ரோஸ்தான். “நாட்டுச் சர்க்கரைதானே” என்று மூன்று ஸ்பூன் போடுபவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். உறவு முறியும்.

மெஷினில் ப்ரீமிக்ஸ் என்றால் சர்க்கரை பொடியிலேயே கலந்திருக்கும், குறைக்கப் பட்டன் கிடையாது. வெறும் பாலும் டிகாக்‌ஷனும் தனித்தனியே வரும் மெஷின் இருந்தால் அந்த மாடிக்குப் போங்கள். தர்ஷினியில், அதாவது நின்றபடி சாப்பிடும் சிற்றுண்டிக் கடையில், கல்லாவில் டோக்கன் வாங்கும்போதே “சக்கரே பேட” என்று சொல்லிவிட வேண்டும். டம்ளர் கைக்கு வந்த பிறகு சொல்லிப் பிரயோஜனமில்லை. ஒரேயடியாக நிறுத்தினால் மூன்றாம் நாள் கசப்பில் பழையபடி திரும்பிவிடுவார்கள். வாரம் அரை ஸ்பூன் குறைத்தால் நாலே வாரத்தில் இரண்டு ஸ்பூன் காணாமல் போகும், நாக்குக்குத் தகவல் போவதற்குள்.

பிஸ்கட் பாக்கெட்டில் ‘டைஜெஸ்டிவ்’ என்று எழுதியிருப்பதை நம்பாமல் பின்பக்கம் திருப்புங்கள். மூலப்பொருள் பட்டியல் எடை வரிசையில்தான் அச்சிடப்பட வேண்டும், அதிகம் உள்ளது முதலில். சர்க்கரை இரண்டாவதோ மூன்றாவதோ நின்றால் அது மாத்திரை இல்லை, மிட்டாய். ‘சேர்த்த சர்க்கரை’ என்ற வரியில் உள்ள கிராமை நாலால் வகுத்தால் ஸ்பூன் கணக்கு வந்துவிடும். ஆனால் அது 100 கிராமுக்கா, நாலு பிஸ்கட்டுக்கா என்று பார்க்காமல் வகுத்து ஏமாறாதீர்கள்.

ஒரு விஷயம் மட்டும் விளையாட்டில்லை. இன்சுலினோ, சர்க்கரையை இறக்கும் சிலவகை மாத்திரைகளோ எடுப்பவர்கள் இந்த வைராக்கியத்தில் சாப்பாட்டைத் தள்ளிப்போடக் கூடாது. ரத்தச் சர்க்கரை 70 mg/dLக்குக் கீழே இறங்கி, கை நடுங்கி வியர்த்தால், 15 கிராம் குளுக்கோஸ் அல்லது மூன்று, நாலு ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு 15 நிமிடம் கழித்துத் திரும்பச் சோதிக்க வேண்டும். அந்த நேரத்தில் மைசூர்பாகை ஊட்டுவது தப்பு. நெய் இருப்பதால் சர்க்கரை ரத்தத்துக்குப் போகத் தாமதமாகும். மேசை டிராயரில் குளுக்கோஸ் பாக்கெட் ஒன்று கிடக்கட்டும்.

நாலு மணிப் பிறந்தநாள் கேக் சடங்குக்கு வழி சுலபம். மூன்றரைக்கே ஒரு கிண்ணம் சுண்டலோ, கைப்பிடி வேர்க்கடலையோ உள்ளே போய்விட வேண்டும். உரித்த கடலையைவிட வேகவைத்த தோல் கடலை மேல். உரிக்க நேரமாகும், தோல் குவியலைப் பார்த்தால் எவ்வளவு உள்ளே போனது என்றும் தெரியும். கார்த்திகை கடைசித் திங்களையொட்டி பசவனகுடியில் கடலைக்காய்ப் பரிஷெ என்ற வேர்க்கடலைத் திருவிழா நடக்கும்போது படி படியாக அள்ளலாம். பிறகு கேக் வெட்டும் வேலையை நீங்களே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கத்தி வைத்திருப்பவர் தட்டு காலியாக இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. க்ரீம் பூ வைத்த ஓரத்தை மேனேஜருக்குக் கொடுத்தால் அப்ரைசலுக்கும் ஆகும்.

டீம் லஞ்ச் பஃபே இன்னொரு ரகம். காலையில் பட்டினி கிடந்து போவதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. ஸ்டார்ட்டரிலேயே கணக்கு முடிந்துவிடும். தட்டில்லாமல் ஒரு சுற்று சுற்றி வந்து, எது வேண்டும் என்று முடிவு செய்துவிட்டுப் பிறகு சின்னத் தட்டை எடுங்கள். இரண்டாம் சுற்றுக்கு இருபது நிமிடம் பொறுங்கள். வயிறு நிறைந்த செய்தி மூளைக்குப் போய்ச் சேர அவ்வளவு ஆகும். இனிப்பு மேசையில் விரலளவுக் கண்ணாடிக் குவளைகள் இருக்கும், ஒவ்வொன்றும் “சின்னதுதானே” என்று கூப்பிடும். காலிக் குவளைகளைப் பேரரை எடுத்துப்போக விடாதீர்கள். ஐந்தாவது குவளை வரும்போது முதல் நாலும் சாட்சிக்கு நிற்க வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் யாராவது ஊருக்குக் கிளம்புவார், குரூப்பில் “அண்ணா, அல்வா மறந்துடாதீங்க” என்று செய்தி விழும். தை மாதமென்றால் முந்திக்கொண்டு “பனங்கிழங்கு கொண்டு வாங்கண்ணா” என்று போட்டுவிடுங்கள். மஞ்சள் போட்டு அவித்து, தோலுரித்து, நடுத்தண்டை உருவி, நாரைக் கிழித்துக் கடித்துத் தின்பதற்குள் ஒரு கிழங்குக்கு ஐந்து நிமிடம். டெல்லிக்காரருக்கு அது வேரா, காயா, விறகா என்று விளக்க இன்னும் ஐந்து நிமிடம். இரண்டுக்கு மேல் யாராலும் முடியாது. பல்லிடுக்கில் நார் மாட்டிக்கொள்வதால் பதினொரு மணி மீட்டிங்கில் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். பதினொன்றே காலுக்கே முடிந்துவிடும்.