ஆளில்லா டிராக்டருக்கு ஒரு திரை: விதைப்புக் கால நாட்குறிப்பு

மே 6, கனடாவின் வின்னிபெக் நகருக்குத் தெற்கே

காலை முதல் ஒரு விவசாயியின் டிராக்டரில், பக்கத்து இருக்கையில் இருந்தேன். கோதுமை விதைப்பு. ஸ்டீயரிங்கை அவர் தொடவே இல்லை. ஆர்டிகே ஜிபிஎஸ் (தரை நிலையத்தின் திருத்தத்தோடு மிகத் துல்லியமாக இடம் காட்டும் ஜிபிஎஸ்) இரண்டு மூன்று சென்டிமீட்டருக்கு மேல் பிசகாமல் வண்டியை ஓட்டுகிறது. சும்மாதானே உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்தேன். பதினோரு மணி வாக்கில் சட்டென்று நிறுத்தினார். “இன்ஜின் இழுக்கிற சத்தம் மாறிவிட்டது” என்றார். எனக்கு ஒரு வித்தியாசமும் கேட்கவில்லை. இறங்கிப் போய்ப் பார்த்தால், ஈரமான இடம். சக்கரங்களில் கருங்களிமண் அப்பியிருந்தது, ஒரு விதைக்குழாயின் வாய் முழுக்க அடைத்திருந்தது. சட்டைப்பையிலிருந்து ஸ்குரூடிரைவரை எடுத்துக் குத்திக் குத்தி வெளியே தள்ளினார். கவனிக்காமல் போயிருந்தால் அந்த வரிசை முளைக்காத வெற்றுக் கோடாக நிற்கும். பயிர் தலைகாட்டும்வரை அது தெரியவும் தெரியாது.

நாளைக்கு இந்த இருக்கையில் ஆள் இருக்கமாட்டார். நாங்கள் வடிவமைக்கும் திரையில், வீட்டிலிருந்தே வண்டியைக் கவனிப்பார். அந்தக் காது எங்கே போகும்?

மே 9

எங்கள் திரையின் முதல் வடிவத்தை அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் சோதித்தோம். வரைபடத்தில் டிராக்டர் ஒரு புள்ளி. ஓடினால் பச்சை, நின்றால் சிவப்பு. புள்ளி சிவப்பாகி நான்கு நிமிடம் ஆனது. அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார், எதுவும் சொல்லவில்லை. அப்புறம்தான் தெரிந்தது, அவருக்கு அந்த இரண்டு நிறமும் ஒன்றுபோலத்தான் தெரியுமாம். ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ 12 பேரில் ஒருவருக்கு இந்தக் குறை உண்டு. இது எனக்குத் தெரிந்த விஷயம். தெரிந்தும் இப்படி வரைந்தது மனதை உறுத்துகிறது. இனி நிறத்தோடு வடிவமும் எழுத்தும் மாறும்.

மே 14

உளவியலாளர் நார்மன் மாக்வொர்த் 1948-இல் வெளியிட்ட கடிகாரச் சோதனையை மறுபடி படித்தேன். முள் எப்போதாவது இரட்டைத் தாவல் தாவும், அதைப் பிடிக்க வேண்டும். அரை மணி நேரத்துக்குள்ளேயே ஆட்கள் தவறவிட ஆரம்பித்துவிட்டார்கள். இங்கே விதைப்பு நாள் என்றால் பதினாறு மணி நேரம். திரையை விடாமல் பார்த்துக்கொண்டிரு என்று யாரிடமும் கேட்பது நியாயமில்லை. இயந்திரம்தான் அவரைக் கூப்பிட வேண்டும். கூப்பிடும்போது எண்களை அடுக்கக் கூடாது. என்ன ஆனது, எப்போதிலிருந்து, வண்டி தானாக என்ன செய்தது, நிற்பதற்கு முந்தைய பத்து வினாடிக் காட்சி. அவ்வளவு போதும்.

மே 21

இன்ஜின் சத்தத்தையும் சேர்த்து அனுப்பினோம். அவர் பாத்திரம் கழுவிக்கொண்டே தலையைத் தூக்கி, “இழுக்கிறது பாருங்கள்” என்றார். எங்கள் எச்சரிக்கை ஒலி அதற்கு அப்புறம்தான் வந்தது! எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆனால் ஆற்றங்கரைப் பக்கம் சிக்னல் போய்விடுகிறது. படம் உறைந்து நிற்கிறது, பார்ப்பவருக்கு வண்டி ஒழுங்காக ஓடுவதுபோலவே தோன்றுகிறது. இது அடைப்பைவிட ஆபத்து. அதனால் படத்தின் மேலேயே பெரிய எழுத்தில் “38 வினாடிக்கு முந்தைய படம்” என்று ஓடவிட்டிருக்கிறேன். ஐந்து வினாடி தாண்டினால் படம் மங்கும், சத்தமும் நின்றுவிடும். வியாழக்கிழமை ஆற்றங்கரை வயலிலேயே சோதனை.