பவதாரிணிக்காக ஒரு பாட்டு: உதடு ஒட்டிவிட்டது!

மூன்று வாரம் என்னை அலைக்கழித்த உதட்டசைவு நேற்றிரவு சரிவந்துவிட்டது. பல்லவியும் முதல் சரணமும் இப்போது கச்சிதம்.

2024 ஜனவரி 25இல் பாடகி பவதாரிணி கொழும்பில் கண்மூடினார். 47 வயதுதான். சிகிச்சைக்கென்று எங்கள் நாட்டுக்கு வந்தவர் இங்கேயே போய்விட்டார் என்பது அன்றிலிருந்து நெஞ்சில் கிடக்கிறது. அவருக்குத் தேசிய விருது வாங்கித் தந்த 'மயில் போல பொண்ணு ஒண்ணு' பாட்டைச் சித்தியின் மகளைப் பாடவைத்து, திருகோணமலை டச்சு விரிகுடாக் கரையில் வீடியோவாக எடுக்கிறோம்.

கச்சான் காற்றில் முடியும் தாவணியும் மெதுவாக அலைய வேண்டும். உதடு மட்டும் பாட்டோடு போக வேண்டும். முதலில் பாட்டை இரட்டை வேகத்தில் ஓடவிட்டு, நொடிக்கு 50 பிரேமில் எடுத்து 25இல் போட்டேன்: காட்சி பாதி வேகமாகும், உதடு பாட்டின் இயல்பான வேகத்துக்கு வந்துவிடும். "அண்ணா, மூச்சு விடவே இடமில்லை" என்றாள் தங்கச்சி. பிரேம் பிரேமாகப் பார்த்தபோதுதான் பிழை பிடிபட்டது. மயில், போல, பொண்ணு: முதல் மூன்று சொல்லும் உதடு மூடித் திறக்கும் எழுத்தில் தொடங்குகின்றன. 'ண்ணு'வில் கொஞ்சம் பிசகினால் யாருக்கும் தெரியாது. 'பொ'வில் உதடு முழுதாக ஒட்டாவிட்டால் சின்னப்பிள்ளையும் கண்டுபிடித்துவிடும். இரட்டை வேகத்தில் அவளுக்கு அது ஒட்டவே இல்லை.

ஒன்றரை மடங்கில் முயன்றேன். உதடு சரி, ஆனால் பிரேம்கள் சமமாகப் பங்குபடாமல் அலை வெட்டி வெட்டி ஓடியது.

கடைசியில் கைகொடுத்தது 30 பிரேமில் எடுத்து 24இல் போடுவது. பாட்டு 1.25 மடங்கு. எங்கள் தாளம் நிமிடத்துக்கு 76 தட்டு. ரீப்பர் என்ற ஒலி எடிட்டிங் மென்பொருளில் சுருதி மாறாமல் 95 ஆக்கினேன். ஷட்டர் நொடியில் 60இல் ஒரு பங்கு. எடிட்டிங்கில் கிளிப்பையே 24 பிரேம் என்று மாற்றினால் ஒரு பிரேமும் வீணாகாது. பாட்டுக்கு முன் நாலு 'டிக்' வைத்தேன். நாலாவதில் அவள் கைதட்டுவாள். உள்ளங்கை சேரும் பிரேமை அந்த 'டிக்'கில் வைத்தால் மூன்று நிமிடத்துக்கும் அசையாது. ஸ்பீக்கர் சத்தத்தைக் காற்று கொண்டுபோய்விட்டதால், காதில் சின்ன இயர்போன் வைத்து முடியால் மறைத்தோம்.

வெளிச்சம் திருப்ப வாங்கிய ரெஜிபோம் (வெள்ளை நுரை அட்டை) தட்டு முதல் நாளே காற்றில் இரண்டாக முறிந்தது. பின்னால் பிளைவூட் ஒட்டுங்கள். ஹார்ட்வெயார் கடைகளில் வெட்டுத் துண்டாகக் கேட்டால் மலிவு.

மூன்றாவது டேக்கில் கோட்டைப் பக்கமிருந்து ஒரு புள்ளிமான் இறங்கி வந்து அவளுக்குப் பின்னால் நின்றது. அந்த ஷாட்டில் ஒரு பிரேமைக்கூட வெட்ட மாட்டேன்.

அடுத்தது பாடகி சொர்ணலதாவுக்கு. செப்டெம்பர் 12 அவரது நினைவுநாள். பாட்டுத் தெரிவிலேயே வீட்டில் சண்டை. அதற்கு முன் இதன் இரண்டாம் சரணம் மிச்சம். ஞாயிறு விடியவே கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போகிறோம், குளிக்க ஆட்கள் வந்து சேருமுன்.