டக்ஸ்ஃபோர்டில் ஒரு பெட்ரோல் கணக்கு

விட்டில்ஸ்ஃபோர்டு ஸ்டேஷனில் இறங்கி, டக்ஸ்ஃபோர்டுக்கு நடந்தே போய்விடலாம் என்று கிளம்பியது என் தப்பு. போகிற தூரத்தைத்தான் கணக்குப் போட்டேன், திரும்புகிற தூரத்தை மறந்துவிட்டேன்.

கேம்பிரிட்ஜ் பக்கத்தில் உள்ள இந்தப் பழைய விமானதளம் இப்போது இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தின் ஒரு கிளை. ஒரு கூடத்தில் ஜெர்மனியின் மெஸ்ஸர்ஷ்மிட் 109 சண்டை விமானம் ஒன்று வயிறு தரையில் படக் கிடக்கிறது. இரண்டாம் உலகப் போரில், 1940 செப்டம்பரில், தெற்கு இங்கிலாந்தின் சசெக்ஸில் விழுந்த விமானம். விழுந்த கோலத்திலேயே காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். பிரான்ஸிலிருந்து ஆங்கிலக் கால்வாய் தாண்டி லண்டன் வந்தால், இதற்குச் சண்டை போட மிஞ்சியது பத்து இருபது நிமிடம்தான். அப்புறம் வீடு திரும்பப் பெட்ரோல் வேண்டுமே! எதிரில் வந்த பிரிட்டனின் ஸ்பிட்ஃபயருக்கும் டேங்க் சின்னதுதான். ஆனால் அது சொந்த வாசலில் நின்று சண்டை போட்டது.

அமெரிக்கக் கூடத்தில்தான் அதிக நேரம் நின்றேன். கூட்டமாகப் போனால் குண்டுவீச்சு விமானங்கள் தங்களையே காத்துக்கொள்ளும் என்று அமெரிக்கர்கள் நம்பியிருந்தார்கள். 1943 அக்டோபர் 14 அன்று ஜெர்மனியின் ஷ்வைன்ஃபுர்ட் நகருக்குப் போன 291 விமானங்களில் 60 திரும்பவில்லை. துணைக்குப் போன தண்டர்போல்ட் சண்டை விமானங்கள் பெட்ரோல் போதாமல் பாதி வழியிலேயே திரும்பியிருந்தன.

துணை விமானங்களின் தூரத்தைக் கூட்டப் பிரிட்டனில் காகிதத்தில் டேங்க் செய்தார்கள். ஆமாம், காகிதம்தான்! பசையில் ஊறவைத்து அச்சில் வார்த்தது, சுமார் 400 லிட்டர் பிடிக்கும். பெட்ரோல் ஊற்றினால் சில மணி நேரம்தான் தாங்கும். அதனால் என்ன, காலியானதும் கழற்றி எறியத்தானே போகிறார்கள்.

தலைக்கு மேலே ஒரு மஸ்டாங் சண்டை விமானம் தொங்குகிறது. பிரிட்டன் கேட்டு அமெரிக்காவில் செய்த விமானம் இது. 1942இல் பிரிட்டனின் மெர்லின் எஞ்சின் மாட்டியதும்தான் உயரத்தில் சூரனானது. விமானியின் முதுகுக்குப் பின்னால் சுமார் 320 லிட்டர் டேங்க் ஒன்றையும் திணித்தார்கள். அது நிரம்பியிருந்தால் வால் கனத்து விமானம் தள்ளாடும். அதனால் முதலில் அதை ஓரளவு காலி செய்துவிட்டுத்தான் இறக்கைக்கு அடியில் தொங்கும் டேங்குக்கு மாறுவார்கள். 1944 மார்ச்சில் பெர்லின் வரை துணைக்குப் போய்விட்டார்கள்.

ஜப்பானின் ஜீரோ சண்டை விமானத்துக்கு இந்தத் தூரமெல்லாம் ஆரம்பத்திலேயே இருந்தது. கடல் மேல் போர் செய்கிற நாடு அல்லவா? அதற்காக எடையைக் குறைத்ததில் விமானிக்குக் கவசமே இல்லாமல் போனது. எனக்கு அந்தப் பேரம் பிடிக்கவில்லை.

மாலையில் ஸ்டேஷனுக்கு டாக்ஸிதான் பிடித்தேன். காலில் பெட்ரோல் தீர்ந்திருந்தது.