எந்தப் பக்கம் திரும்பினால் சுற்றுகிறது?

காது மருத்துவராக முப்பது வருடம். "தலை சுத்துது டாக்டர்" என்று சொல்லாமல் ஒரு ஓ.பி. நாளும் போனதில்லை. நம் ஊரில் கண் இருட்டிக்கொண்டு வந்தாலும் தலைசுற்றல்தான், நடக்கும்போது தள்ளாடினாலும் தலைசுற்றல்தான், வீடே சுழன்றாலும் தலைசுற்றல்தான். இதில் எது என்று கேட்டுப் பிரிப்பதிலேயே பாதி வைத்தியம் முடிந்துவிடும்.

ஒரு அம்மா கழுத்தில் காலரோடு வந்தார். எலும்புத் தேய்மானம் என்று இரண்டு வருடமாக மாத்திரை. எப்போது சுற்றுகிறது என்று கேட்டேன். "பரண்ல டப்பா எடுக்க அண்ணாந்தா சுத்துது சார். ராத்திரி வலப்பக்கம் ஒருக்களிச்சா கட்டிலோட தூக்கிப் போடுது. கொஞ்ச நேரத்துல அதுவா நின்னுடும்."

நோயின் பெயரைத் தவிர எல்லாவற்றையும் அவரே சொல்லிவிட்டார்.

காலரைக் கழற்றிக் கட்டிலில் உட்காரவைத்து, தலையை வலப்பக்கம் 45 டிகிரி திருப்பி, சட்டென்று மல்லாக்கச் சாய்த்தேன். சில நொடிகள் ஒன்றுமில்லை. அப்புறம் கருவிழிகள் சுழன்று சுழன்று துடித்தன. என் சட்டைக் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். உள்காதின் பையில் இருக்கவேண்டிய சுண்ணாம்புத் துகள்கள் இடம் பெயர்ந்து பக்கத்திலுள்ள அரைவட்டக் குழாய்க்குள் புகுந்துவிட்டால் வரும் சுற்றல் இது. தலையைப் படிப்படியாக மறுபக்கம் திருப்பி, உடம்பையும் புரளவைத்து, ஒவ்வொரு நிலையிலும் அரை நிமிடத்துக்கு மேல் வைத்திருந்து எழுப்பினால், துகள்கள் வந்த வழியே வெளியேறும். அமெரிக்காவின் போர்ட்லாந்தில் இருந்த ஜான் எப்லி கண்டுபிடித்த முறை. சக மருத்துவர்கள் வெகுகாலம் அவரை நம்பவில்லை. 1992இல்தான் அவருடைய கட்டுரை அச்சேறியது. மருந்தும் கத்தியும் இல்லாமல் குணமாகும் என்றால் நம்பத் தயக்கம் வரத்தான் செய்யும்.

எழுந்த அம்மா, நான் சொல்லாமலே மறுபடி வலப்பக்கம் சாய்ந்து பார்த்தார். சுற்றவில்லை. காலரை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

இப்படிக் கேட்கக் கற்றுக்கொள்வதற்கு முன்னால் ஒருவருக்குத் தவறு செய்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓர் இளைஞர், "காலையில எழுந்ததுலருந்து வலது காது அடைச்சிருக்கு" என்றார். கூட்டம் அதிகம். சளி என்று முடிவுகட்டி மூக்குக்குச் சொட்டு மருந்து எழுதினேன். ஒரு மாதம் கழித்து வந்தபோது அந்தக் காது கேட்கவே இல்லை. நரம்பு திடீரெனச் செயலிழந்திருக்கிறது. ஸ்டீராய்டை முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால்தான் பலன் அதிகம். அந்த நாட்களைச் சொட்டு மருந்தில் கழியவிட்டது நான்தான்.

512 ஹெர்ட்ஸ் இசைக்கவையைத் தட்டி நெற்றி நடுவில் வைத்திருந்தால் போதும். குரும்பியோ சளியோ என்றால் அடைத்த காதில்தான் சத்தம் பலமாகக் கேட்கும். நரம்பு என்றால் நல்ல காதில். அரை நிமிட வேலை.

அவரிடம் நடந்ததைச் சொன்னேன். கோபப்படவில்லை. நாற்காலியைத் திருப்பிப் போட்டு, இடது காதை என் பக்கம் வைத்துக்கொண்டு, "இப்ப சொல்லுங்க சார்" என்றார்.

அன்றைக்குச் சட்டைப் பையில் வைத்த இசைக்கவை இன்றும் அங்கேதான் இருக்கிறது. காது அடைப்பு என்று யார் வந்தாலும், கடைசி டோக்கனாக இருந்தாலும், அன்றே கேட்கும் திறனை அளக்கும் ஆடியோகிராம் எடுக்காமல் அனுப்புவதில்லை.