குரூப் 4 தமிழ்: ஒன்றரை மார்க்கைத் தின்ற ‘எனது’

முந்தாநாள் டிஎன்பிஎஸ்சி குரூப் 4 ரிசல்ட் வந்தது. ரேங்க் நன்றாகவே இருக்கிறது. அம்மா எங்கள் கடலூர் பாடலீஸ்வரர் கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்தார்.

போன முறை ஒரே கேள்வியில், ஒன்றரை மார்க்கில், சான்றிதழ் சரிபார்ப்பு கைநழுவியது. பிழையற்ற தொடர் எது என்ற கேள்வி. ‘எனது நூல்கள்’ என்று இருந்ததை யோசிக்காமல் ஷேட் பண்ணினேன். ஆன்சர் கீ பார்த்த ராத்திரி சோறு இறங்கவில்லை.

பொது அறிவுக்கு மாய்ந்து மாய்ந்து படிக்கிறீர்கள். தமிழில் 100 கேள்வி, 150 மார்க். இலக்கணத்தை மட்டும் ‘நம்ம மொழிதானே’ என்று விட்டுவிடாதீர்கள்.

ஆறாம் வேற்றுமைக்கு நன்னூல் சொல்வது: ‘அது’, ‘ஆது’ ஒருமைக்கு, ‘அ’ பன்மைக்கு. எனது கை சரி. எனது கைகள் தவறு. ‘என கைகள்’ என்று இன்று யாரும் எழுதுவதில்லை, அதனால் ‘என் கைகள்’. உயர்திணைக்கும் ‘அது’ ஆகாது. எனது தம்பி இல்லை, என் தம்பி. சந்தேகம் வந்தால் ‘என்’, ‘என்னுடைய’ போடுங்கள், எங்கும் இடிக்காது.

இது மண்டையில் ஏறியது லாரன்ஸ் ரோட்டில். காதணி விழா பேனர் ஒன்று: ‘எங்களது நல்வாழ்த்துக்கள்’. நெரிசலில் பஸ் நகரவே இல்லை, அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாழ்த்து பன்மையில் இருக்கிறது, ‘எங்களது’ ஒட்டாது. ‘கள்’ விகுதி, தனிச்சொல் இல்லை, ‘வாழ்த்து’ போன்ற குற்றியலுகரச் சொல்லுக்குப் பின் க் மிகாது. இரண்டே சொல், இரண்டிலும் பிழை! அன்றிலிருந்து நெல்லிக்குப்பம் பஸ்ஸில் வரும்போதெல்லாம் பேனர்களைத் திருத்தி நோட்டில் எழுதினேன். எந்த கைடும் எனக்கு இவ்வளவு உதவவில்லை.

நோட்டிலிருந்து:
- எழுத்துகள், கருத்துகள். ஆனால் பூக்கள் (ஓரெழுத்து நெடில்), பசுக்கள், தெருக்கள் (முற்றியலுகரம்).
- நாள்கள். ‘நாட்கள்’ என்றால் நாட்பட்ட கள் என்றும் பொருள் போகும்.
- இது அன்று, இவை அல்ல.
- மாடுகள் மேய்ந்தன. ‘மேய்ந்தது’ கூடாது.
- ஒவ்வொரு வீட்டிலும். ‘வீடுகளிலும்’ கூடாது.

டெஸ்ட் பேட்ச் எதிலும் சேரவில்லை. கூட்டத்தில் உட்கார்ந்தால் எனக்குப் படிப்பு ஏறாது. விடியற்காலையில் வெள்ளிக் கடற்கரையில் இவற்றை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே நடந்தேன். தனியாகப் படிக்கிறவர்கள் செய்து பாருங்கள், காது தானாகவே பிழையைப் பிடிக்கும்.

நோட்டு இப்போது மஞ்சக்குப்பத்தில் ஒரு தங்கையிடம் இருக்கிறது. நேற்றே அதில் புதிதாக இரண்டு பேனர் சேர்த்திருக்கிறாள்.