28 லிட்டர் ஓவனில் ஒன்றரை லிட்டர் கேக்

எங்கள் வீட்டு ஓடிஜி ஓவன் (மேலும் கீழும் மின்கம்பிகள் சூடேறி பேக் செய்யவும் டோஸ்ட், கிரில் செய்யவும் உதவும் பெட்டி) வந்து சேர்ந்த அட்டைப்பெட்டியின் மேல் 28 லிட்டர் என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். லிட்டர் என்ற அளவைப் பாலுக்கும் எண்ணெய்க்கும் குக்கருக்கும் மட்டுமே கேட்டுப் பழகியிருந்த எனக்கு, அது ஒரு சிறிய கல்யாணத்துக்கே போதும் என்று தோன்றியது. அந்த நம்பிக்கையில், மகளின் பிறந்தநாளுக்கு வரவிருந்த பன்னிரண்டு பேருக்காக, மசாலா தடவிய இரண்டு கிலோ கோழித் துண்டுகளை மேல் ட்ரேயிலும் ஒரு கிலோ உருளைக்கிழங்கைக் கீழ் ட்ரேயிலும் இடைவெளியே இல்லாமல் பரப்பி, 200 டிகிரியில் வைத்துக் கதவைச் சாத்தினேன். ஒரு மணி நேரம் கழித்துத் திறந்தபோது கோழி தன் சாற்றிலேயே வெளிறிப்போய் மிதந்துகொண்டிருந்தது. கீழே இருந்த கிழங்கு அடியில் கருகியும் மேலே வேகாமலும் இருந்தது. எட்டிப் பார்த்த அத்தை, "இதைக் குக்கரிலேயே வைத்திருக்கலாமே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அத்தை சொன்னதில் அவர் நினைத்ததைவிட அதிக உண்மை இருந்தது என்பது பிறகுதான் புரிந்தது. மறுநாள் இஞ்ச் டேப்பை எடுத்து ஓவனின் உள்பக்கத்தை அளந்தேன். அகலம் 35 செ.மீ., ஆழம் 28, உயரம் 28. பெருக்கினால் 27 லிட்டருக்குச் சற்று அதிகமாக வருகிறது. ஆக, பெட்டியில் எழுதியிருந்தது பொய்யில்லை. ஆனால் அது உள்ளே இருக்கும் காற்றின் அளவே தவிர உணவின் அளவு அல்ல. ஐந்து லிட்டர் குக்கரில் யாரும் ஐந்து லிட்டர் சாம்பார் வைப்பதில்லை, மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது, பருப்பென்றால் பாதியோடு நிறுத்த வேண்டும் என்பது நமக்கெல்லாம் தெரியும். ஓவனில் இந்த விகிதம் இன்னும் கடுமையானது. எட்டு அங்குல வட்ட டின், அதாவது 20 செ.மீ. விட்டமும் 5 செ.மீ. உயரமும் உள்ளது, கொள்வது ஒன்றரை லிட்டருக்குச் சற்றே அதிகம். என் ஓவனில் ஒரு நேரத்தில் ஒழுங்காக வேகக்கூடியது அப்படிப்பட்ட ஒரே ஒரு டின்தான்.

காரணம் என்னவென்று யோசித்தபோது இட்லிக் கொப்பரைதான் நினைவுக்கு வந்தது. அதில் நான்கு தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாலும் எல்லா இட்லிகளும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வெந்துவிடுகின்றன. நீராவி மாவின்மேல் பட்டுத் தண்ணீராக மாறும்போது, ஒவ்வொரு கிராமும் சுமார் 2,250 ஜூல் வெப்பத்தை அங்கேயே இறக்கிவிடுகிறது. ஓவனுக்குள் இருப்பதோ வெறும் காற்று. 200 டிகிரியில் 28 லிட்டர் காற்றின் எடை 21 கிராம்தான்; அதில் ஒரு கிராம் ஒரு டிகிரி ஆறும்போது கொடுப்பது ஒரே ஒரு ஜூல். இவ்வளவு ஏழையான ஒரு பொருளை நம்பி உணவு வேக வேண்டுமென்றால், அது மேலும் கீழும் பக்கவாட்டிலும் தடையின்றிச் சுற்றிவர வேண்டும். சூடேறிய கம்பிகளும் சுவர்களும் உணவை நேராகப் பார்க்கவும் வேண்டும். ஓவனின் முழு அகலத்துக்கும் ஒரு ட்ரேயை வைத்துவிட்டால், அடிக்கம்பியின் சூடு அந்த ட்ரேயோடு நின்றுவிடுகிறது. என் உருளைக்கிழங்கு கருகியதும் கோழி வெளிறியதும் இதனால்தான். கம்பித் தட்டின்மேல் அலுமினியத் தாளை விரித்து வைப்பதும் இதே தவறுதான். சுத்தம் செய்வது எளிது என்று நானும் சில நாள் அப்படிச் செய்திருக்கிறேன்.

இன்னொரு பக்கமும் உண்டு. கொப்பரை உணவுக்கு ஈரத்தைக் கொடுக்கிறது, ஓவன் அதை எடுக்க வேண்டியிருக்கிறது. குளிர்பெட்டியிலிருந்து எடுத்த ஒரு கிலோ கோழியின் உட்பகுதியை 74 டிகிரிக்குக் கொண்டுவர ஏறத்தாழ 240 கிலோஜூல் போதும். ஆனால் அதிலிருந்து வெளியேறும் தண்ணீரில் 200 கிராமை ஆவியாக்கவே 450 கிலோஜூல் வேண்டும். மேற்பரப்பு ஈரமாக இருக்கும்வரை அதன் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. தோல் சிவந்து முறுகுவதற்கோ சுமார் 140 டிகிரியாவது தேவை. துண்டுகளை நெருக்கி வைத்தால் சாறு ஆவியாவதைவிட வேகமாகச் சேர்கிறது. எழும் ஆவியும் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்குகிறது. பிறந்தநாள் அன்று என் ஓவன் ஒரு விலையுயர்ந்த இட்லிக் கொப்பரையாக மாறியிருந்தது.

அதன் பிறகு ஓவனுக்குள் வைக்கும் சிறிய வெப்பமானி ஒன்றை வாங்கினேன். ஒரு கிலோவைப் பரவலாக வைத்தபோது 200 டிகிரி 170 வரை இறங்கிச் சில நிமிடங்களில் ஏறிவிட்டது. இரண்டு கிலோவை அடைத்து வைத்தபோது 140க்கும் கீழே போய், மீண்டு வர இருபது நிமிடங்களுக்கு மேலாகியது. சமையல் குறிப்பில் எழுதியிருக்கும் நேரம் இந்த இருபது நிமிடங்களைக் கணக்கில் கொள்வதே இல்லை.

இப்போது நான் லிட்டரை மறந்துவிட்டு, சுவரிலிருந்து எல்லாப் பக்கமும் இரண்டரை செ.மீ. விட்டபின் மிஞ்சும் பரப்பை மட்டுமே பார்க்கிறேன். என் ஓவனில் அது 30க்கு 23 செ.மீ. பரவி விரியும் பிஸ்கட் என்றால் மூன்று வரிசையில் நான்கு நான்காகப் பன்னிரண்டு. ஆறு அங்குல டின் இரண்டை நேர்வரிசையில் வைத்தால் மூச்சுவிட இடமிருக்காது. குறுக்காக, எதிரெதிர் மூலைகளை நோக்கி வைத்தால் நடுவில் இரண்டு செ.மீ. கிடைக்கிறது. கோழி என்றால் 800 கிராம், ஒரே அடுக்காக. உயரத்திலும் மேல்கம்பிக்கும் கேக் உப்பி எழும் அளவுக்கும் இடம் ஒதுக்கியாக வேண்டும். கன்வெக்‌ஷன் மைக்ரோவேவ் வைத்திருப்பவர்கள் பார்க்க வேண்டியது சுழலும் கண்ணாடித் தட்டை, 25 செ.மீ. சதுர டின்னின் மூலைவிட்டம் 35 செ.மீ. என்பதால், உள்ளே நுழைந்துவிட்டாலும் அது சுவரில் இடித்துச் சுழலாமல் நின்றுவிடக்கூடும்.

விசிறி உள்ள ஓவனில் இரண்டு அடுக்கு வைக்கலாம் என்கிறார்கள். வைக்கலாம்தான், பாதி நேரம் கழித்து மேல் ட்ரேயைக் கீழும் கீழ் ட்ரேயை மேலும் மாற்றி, முன்பக்கத்தைப் பின்பக்கமாகத் திருப்பி வைக்கும் பொறுமை இருந்தால். பிஸ்கட்டுக்கு நான் அதைச் செய்கிறேன். கேக்குக்குச் செய்வதில்லை, பாதியில் அசைத்தால் நடுவில் அமுங்கிவிடும்.

அடுத்த பிறந்தநாளுக்கு மாலை நான்கு மணிக்கே தொடங்கி, கோழியை மூன்று முறையாக வைத்து எடுத்தேன். முதலில் வெந்தவற்றை மூடி வைத்து, விருந்தினர் உட்கார்ந்தபின் ஐந்து நிமிடம் மட்டும் சூடுகாட்டினேன். அத்தை இரண்டாவது துண்டைத் தானே எடுத்துப் போட்டுக்கொண்டார்.

இதைக் கேட்ட தங்கை, பேசாமல் 60 லிட்டர் ஓவனாகவே வாங்கிவிடலாமா என்று கேட்டாள். என்னுடையது 1,500 வாட். அவள் பார்த்து வைத்திருந்த 60 லிட்டர் ஓவன் 2,000 வாட். கொள்ளளவு இரண்டு மடங்குக்கு மேல், சூடு மூன்றில் ஒரு பங்குதான் கூடுதல். பெரிய டின்னும் இரண்டு டின்களும் அதில் தாராளமாக நுழையும் என்பது உண்மை. ஆனால் நிறைய வைத்தால் காத்திருக்கத்தான் வேண்டும் என்று சொன்னேன். சமையல் மேடையின் அகலத்தை அளந்துவிட்டு, அங்கே 16 ஆம்பியர் பவர் பிளக் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறாள்.