"எங்க விட்டேன்?"

ரயில் கடக்கும்வரை டீச்சர் பாதி வாக்கியத்தில் நின்றார்.

மகளை அழைத்துவரப் போன நான் வகுப்பு வாசலில் நின்றிருந்தேன். பிள்ளைகள் யாரும் ஜன்னல் பக்கம் திரும்பக்கூட இல்லை. அவ்வளவு பழகிவிட்டது. சத்தம் ஓய்ந்ததும் டீச்சர் கேட்டார்: "எங்க விட்டேன்?"

ஒருவருக்கும் தெரியவில்லை.

நியூயார்க்கில் உயரப் பாதை ரயிலை ஒட்டிய பள்ளி ஒன்றை ஆர்லைன் பிரான்சாஃப்டும் டென்னிஸ் மெக்கார்த்தியும் ஆராய்ந்து 1975-ல் எழுதினார்கள். தண்டவாளப் பக்கத்து வகுப்புப் பிள்ளைகள், அதே கட்டடத்தின் அமைதியான பக்கத்துப் பிள்ளைகளைவிட வாசிப்பில் பின்தங்கியிருந்தார்கள். பிறகு தண்டவாளத்தில் ரப்பர் பட்டை வைத்தார்கள், வகுப்புக் கூரையில் ஒலி உறிஞ்சும் பலகை பதித்தார்கள். 1981-ல் வெளியான மறு ஆய்வில் அந்த இடைவெளி காணாமல் போயிருந்தது.

மக்கு என்று பேர் வாங்கிய பிள்ளைகளில் எத்தனை பேர் சத்தத்தின் பக்கம் உட்கார்ந்தவர்களோ!

என் மகளுக்கு ஜன்னலோர இடம்.